உட்கார்ந்த அளவு

மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுக்கு மாட்டுத் தோல்தான் வேண்டும் என்று டெஸ்மண்ட் பிடித்த பிடியில் நின்றான். நோலீன் மேசைமேல் மூன்று தோல்களை விரித்து வைத்திருந்தாள். மற்ற இரண்டையும் அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளியே தென்மேற்குக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரி என்று பேர்தான். பூமியின் தென்கோடியில் கிடக்கிற பிளஃப் ஊரில் கோடை என்றால் மழை கொஞ்சம் வெதுவெதுப்பாகப் பெய்யும், அவ்வளவுதான்.

"தூக்கிப் பாரு. அப்புறம் பேசு" என்றாள் நோலீன்.

"இத்தனை வருசம் போட்டிருந்தவன்தானே நான். புதுசா என்னத்தத் தூக்கிப் பாக்கறது?"

"அப்ப உனக்கு ரெண்டு தோளும் ஒழுங்கா இருந்துது."

"இப்ப ஒண்ணைக் காக்கா கொத்திட்டுப் போயிடுச்சாக்கும்."

வலது கையால் தோலின் மடிப்பைப் பிடித்துத் தூக்கினான். நோலீன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். "இடது கையால" என்றாள். அவன் முறைத்தான். கையை மாற்றினான். தோல் மேசை விளிம்பு வரை வந்தது, விரல்களிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"வழுக்குது. பதனிட்டவன் எண்ணெய அள்ளிக் கொட்டியிருக்கான்" என்றான் டெஸ்மண்ட்.

நோலீன் குனிந்து எடுத்தாள். அதில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லை. மடித்து மறுபடி மேசையில் வைத்தாள். ஒரு வாரமாக இதே பாட்டு. கூறுகெட்ட மனுசனோடு குப்பை கொட்டி அலுத்துப்போயிற்று அவளுக்கு.

போன ஜூலையில் டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் அடித்தது. பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு டேங்க் மூடியைத் திறக்கப் போனவன் அப்படியே சாய்ந்தான். டவுன் ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக ஜாக்கெட்டைக் கத்திரிக்கோலால் இரண்டு கைப்பக்கமும் வெட்டி உருவினார்கள். அவர்கள் செய்ததில் குற்றம் இல்லை, உயிரைக் காப்பாற்றுகிறவர்கள் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அது கல்யாணமான வருடம் நோலீன் தைத்த ஜாக்கெட். அவள் கையால் உருவான முதல் ஜாக்கெட்டே அதுதான். காலர் ஒரு பக்கம் கோணலாக இருக்கும். பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவன் கழற்றிக் கொடுத்ததில்லை. நர்ஸ் அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டியபோது, செத்தவர்களின் துணியைத்தானே இப்படிக் கொடுப்பார்கள் என்று நினைத்து நோலீன் ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் பிழைத்தான். பேச்சு திரும்பியது, வாய்க்கொழுப்பும் கூடவே திரும்பியது. இடது கால் மட்டும் சற்று இழுக்கும். இடது தோள் இறங்கிவிட்டது. அந்தக் கை வேலைக்கு ஆகும், ஆனால் வேண்டாவெறுப்பாக வேலை செய்கிற ஆளைப் போலத்தான் ஆகும்.

மார்ச் முதல் தேதி சிப்பிப் படகுகள் கடலுக்குப் போகும். அதற்கு முந்தின சனிக்கிழமை படகுக்காரர்கள் அத்தனை பேரும் மோட்டார் சைக்கிளில் கடற்கரை ரோட்டோடு துவாட்டாபெரே வரை போய் வருவார்கள். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. அன்றைக்கு வண்டி எடுக்காதவன் அந்த வருடம் படகில் இல்லை. வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். அவன் இடத்தில் வேறொருத்தன் வந்து நிற்பான். டெஸ்மண்ட் படகிலேயே நரைத்தவன். அந்த சனிக்கிழமைக்காகத்தான் ஜாக்கெட் கேட்டான்.

நோலீனுக்கு அவன் வண்டி ஓட்டுவதில் இஷ்டமே இல்லை. டாக்டர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, மாதக் கடைசியில் வரச் சொல்லியிருந்தார். பிரிஸ்பேனிலிருந்து மகள் போன் செய்து, "அம்மா, அந்த வண்டிய வித்துத் தொலைங்க" என்று சொன்னபோது நோலீன் சரி என்றாள். அதே நாள் சாயங்காலம் டெஸ்மண்ட், "எனக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடேன்" என்றபோது அதற்கும் சரி என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு யார்மேல் கோபம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

தோல் வழுக்கி விழுந்த மறுநாள் விரெமு வந்தான். டெஸ்மண்டோடு ஒரே படகில் கிடந்தவன், அடுத்த தெரு. கையில் ஒரு பையில் நீலக் காட் மீன், தலைவெட்டிச் சுத்தம் செய்தது. நோலீன் சீஸ் ரோல் வாட்டிக்கொண்டிருந்தாள். வெங்காயமும் வெண்ணெயும் கலந்த வாசனை முன்னறை வரைக்கும் வந்து தோல் வாசனையோடு சண்டை பிடித்தது.

"என்ன மாப்ள, இன்னும் தோலே முடிவாகலியா?" என்றான் விரெமு. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலியேப்பா."

"அப்ப யோசிச்சிருந்தா இப்ப இந்தக் கஷ்டம் வந்திருக்காதே" என்றாள் நோலீன், அடுப்படியிலிருந்து.

"மான் தோலுல தையி நோலீன். நான் சுட்டதே ரெண்டு கெடக்கு. பஞ்சு மாதிரி இருக்கும்."

"பஞ்சுதான். இந்த ஊரு மழைல ஒருதடவை நனைஞ்சா கை நீண்டுக்கிட்டே போகும். அப்புறம் இவன் முழங்கால்ல கையுறை மாட்டிக்கிட்டுத் திரியணும்."

"அப்ப அந்த மூணாவது?"

மூன்றாவது சாம்பல் கலந்த கறுப்பு. மெல்லிசு. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. குவீன்ஸ்லாந்தில் பந்தய வண்டி ஓட்டுகிற ஒருவனுக்காக வரவழைத்தது. அவன் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டான், சுருட்டியது சுருட்டியபடியே அலமாரியில் கிடந்தது.

"கங்காரு" என்றாள் நோலீன். "மாட்டுத் தோலுல பாதி கனம்கூட இல்ல. ரோட்டுல விழுந்து தேய்ச்சாலும் கிழியாது. பந்தயக்காரங்க எல்லாம் இதைத்தான் போடறாங்க."

"ஆஸ்திரேலியாக்காரன் ஊரு எலிய நான் போடணுமா?" என்றான் டெஸ்மண்ட்.

"எலி இல்ல மாப்ள. எலிக்குப் பெரியப்பா."

"நீ சும்மா இரு. நாளைக்குப் படகுல நீதான் முதல்ல குதிச்சுக் காட்டுவ, எனக்குத் தெரியாதா."

விரெமு சிரித்துச் சிரித்து சீஸ் ரோல் தொண்டையில் சிக்கி இருமினான். நோலீன் சிரிக்கவில்லை. மாட்டுத் தோலில் ஊசியோட்டி வைத்திருந்த பாதி ஜாக்கெட் ஒன்றை, வேறு யாருக்கோ தைப்பதை, எடுத்து வந்து டெஸ்மண்டுக்கு மாட்டிவிட்டாள். "இப்ப டீயக் குடி" என்று கோப்பையை இடது கையில் திணித்தாள்.

கோப்பை மார்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றது. விரெமு ஜன்னல் பக்கம் திரும்பி, இன்றைக்குத் தீவுக்குப் போகிற கப்பல் கிளம்பாது போலிருக்கிறதே என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து டெஸ்மண்ட் கோப்பையை வலது கைக்கு மாற்றிக் குடித்தான்.

"கன்னுக்குட்டித் தோல்னு சொல்லணும்" என்றான். "கேக்கறவங்க கிட்ட எல்லாம். ரெண்டு பேரும்."

"எனக்கு என்ன போச்சு. கன்னுக்குட்டி" என்றான் விரெமு.

தோல் முடிவானது. அடுத்தது அளவு.

வண்டி ஓட்டுகிறவனுக்கு ஜாக்கெட் தைப்பது கோட்டு தைப்பது போல இல்லை. நோலீனின் முன்னறை மூலையில் ஒரு மரக்குதிரை உண்டு. பழைய டேங்க், பழைய சீட், ஒரு ஹேண்டில்பார், மூன்றையும் மரச்சட்டத்தில் முடுக்கியது. டெஸ்மண்டே செய்து கொடுத்தது. ஆடு உரோமம் கத்தரிக்கிறவன், இறைச்சி ஆலைக்காரன், மான் பண்ணைக்காரன், யார் வந்தாலும் அதில் ஏறி, குனிந்து, கையை நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படி வைத்துத்தான் அளப்பாள். கை வளைந்திருக்கும், முதுகு நீளும், முன்பக்கம் சுருங்கும். அந்த அளவில் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் கண்றாவியாக இருக்கும். கை விரல்களை மூடும், முதுகில் ஒரு கூன் தொங்கும். "கண்ணாடில அழகா தெரிஞ்சா திருப்பிக் கொண்டாந்துடு, நான் தப்பா தைச்சிருக்கேன்னு அர்த்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அது ஊரில் ஒரு பேச்சாகவே ஆகிப்போனது.

முதலில் தோளை அளந்தாள். அதுவே லேசில் முடியவில்லை.

"தோளத் தூக்காத."

"தூக்கலை."

"தூக்குற. நேத்து இங்க இருந்துது, இன்னைக்கு ரெண்டு விரல் மேல இருக்கு."

"நேத்து நீ கோணலா அளந்திருப்ப."

"யோவ், நான் கோணலா அளக்கிறவளா? ஊரே எங்கிட்ட வந்து தைச்சுக்குது."

"என் காலர்கூடக் கோணல்தானே."

நோலீன் டேப்பைச் சுருட்டி மேசையில் எறிந்தாள். ஒரு நாள் தோள் மேலே, ஒரு நாள் கீழே. அளவு நாடா பக்கத்தில் வந்தாலே மூச்சைப் பிடித்து இடது தோளை இழுத்து உயர்த்திக்கொள்வான். எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருக்க முடியும், நெற்றியில் வியர்வை பூக்கும். அந்தப் பொய் அளவில் தைத்தால் காலர் கழுத்தில் ஏறும், கைக்குழி பிடிக்கும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறவனை என்ன செய்வது. கண் மூடிக்கொண்டு ஒரு கணக்கு போட்டு, தோள் எங்கே நிற்குமோ அங்கே அளவுத் தாளில் அவளே ஒரு புள்ளி வைத்தாள்.

"சரி, மரத்துல ஏறு" என்றாள்.

டெஸ்மண்ட் ஹேண்டில்பாரைப் பிடித்தான். இடது காலில் நின்று வலது காலை வீசிப் போட வேண்டும். பாதி வீசினான். இடது முட்டி மடங்கியது. அவள் ஓடி வந்து இடுப்பைப் பிடிக்க, இரண்டு பேருமாகப் போய் மேசையில் இடித்தார்கள். குண்டூசி டப்பா கவிழ்ந்து தரை முழுக்கச் சிதறியது.

"மரம் வழுக்குது" என்றான்.

எண்ணெய், மரம், டேப், எல்லாவற்றின் மேலும் பழி. அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. இன்னொரு முறை ஹேண்டில்பார் பக்கம் அவன் கை போவதைப் பார்த்ததும் நோலீன் குறுக்கே போய் நின்றாள்.

"விடு. உன் உடம்பு எனக்குத் தெரியாதா. நின்னுக்கிட்டே எடுத்துக்கிறேன்" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்வான் என்று நினைத்தாள். "சரி" என்றான்.

நின்ற அளவோடு கையில் கொஞ்சம், முதுகில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். அனுபவப்பட்ட கை, கூட்டத் தெரியாதா. ஆனால் வெட்டுகிற அன்று, தோலை விரித்துக் கத்தியை எடுத்ததும் கூட்டவில்லை. கங்காருத் தோல் சின்னது, பத்தாமல் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு துண்டு எச்சமாக மூலையில் கிடந்தது. அதை எடுத்து அலமாரியில் போட்டாள்.

அந்த நாட்களில் டெஸ்மண்ட் காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய்விடுவான். வண்டி அங்கேதான் நின்றது. வெட்டுப்பட்ட பழைய ஜாக்கெட்டும் அங்கேதான் ஆணியில் தொங்கியது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்கிறான் என்று அவள் நினைத்தாள். இவள் மெஷினை மிதித்தாள். மெல்லிய தோல், ஒருமுறை ஊசி இறங்கினால் துளை துளைதான், பிரித்துத் தைக்கிற ஜோலியே கிடையாது. இப்படி ஒரு தையல் அவள் கையில் அதற்குமுன் விழுந்ததில்லை. காலர் ஒரு நூல் பிசகவில்லை.

வியாழக்கிழமை ஜாக்கெட் தயாரானது. விரெமுவும் வந்திருந்தான், மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசல் பக்கத்திலேயே சொட்டிக்கொண்டு நின்றான். நோலீன் டெஸ்மண்டுக்கு மாட்டிவிட்டாள். இடது கை முதலில், பிறகு வலது. ஜிப்பை அவனே இழுத்துக்கொண்டான். சரசரவென்று ஏறியது.

"அடேயப்பா" என்றான் விரெமு. "மாப்ள, துவாட்டாபெரேக்குப் போறியா, இல்ல கவர்னர் வீட்டு விருந்துக்கா? எனக்கு இப்படி ஒண்ணு தைச்சுத் தந்தா நான் குளிக்கக்கூடக் கழட்ட மாட்டேன்."

டெஸ்மண்ட் கண்ணாடியைப் பார்த்தான். கை மணிக்கட்டில் அளவாக நின்றது. முதுகு சமமாக விழுந்தது. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. இறங்கின தோள் இறங்கினதாகவே தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தியாக உள்ளே பஞ்சு வைத்திருந்தாள். அவன் முன்னால் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான். முகம் மெல்ல மாறியது.

"அழகா இருக்கு" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கிக் கொட்டகைப் பக்கம் போனான். நோலீனுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியில் அழகாகத் தெரிந்தால் தப்பு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான்.

"என்ன ஆச்சு?" என்றான் விரெமு.

"நீ வீட்டுக்குப் போ விரெமு" என்றாள். அவன் போனதும் அவளும் கொட்டகைக்கு ஓடினாள்.

கொட்டகையில் வண்டியின் இடது பக்கம் ஒரு மீன் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கச் செருப்புச் சேறு, காய்ந்ததன் மேல் காய்ந்ததாக. டெஸ்மண்ட் அதன்மேல் ஏறினான். சுவரில் ஒரு கை. வலது காலை வீசவில்லை, சீட்டின் மேல் மெதுவாக நகர்த்தினான். உட்கார்ந்துவிட்டான். தினமும் காலையில் இவன் ரேடியோ கேட்கவில்லை என்பது நோலீனுக்குத் தெரிந்தது.

குனிந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தான். ஜாக்கெட்டின் கை முழங்கைப் பக்கம் ஏறியது. முதுகு மேலே போய் சட்டையும் கொஞ்சம் சதையும் தெரிந்தது. காலர் தொண்டையைப் பிடித்தது.

"இது நிக்கிறவனுக்குத் தைச்சது" என்றான், திரும்பாமல்.

"தோல் பத்தலை."

"நோலீன்."

"நீ மரத்துல ஏறலையே. நான் என்ன பண்ண? விழுந்தியே. நான்தானே புடிச்சேன்."

"ஏறலை. சரி. கூட்டிப் போட உனக்குத் தெரியாதா? போன மாசம் அந்தக் கறிக்கடைப் பையனுக்குக் கண்ணால பாத்தே கூட்டினியே."

தகரக் கூரையில் மழை அடித்தது. அவன் ஆணியில் தொங்கிய பழைய ஜாக்கெட்டைக் காட்டினான். இரண்டு கையும் நெடுக வெட்டுப்பட்டு, உரித்துப் போட்ட மாதிரி தொங்கியது.

"அதை அவங்க வெட்டினாங்க. உசிரு போற நேரம், வெட்டினாங்க. இதை நீ வெட்டியிருக்க."

"ஆமா, வெட்டினேன்." அவள் குரல் உடைந்து கத்தலாக வந்தது. "பயமா இருக்கு எனக்கு. பைல போட்டு உன் சட்டையக் குடுத்தாங்களே, அதை வாங்கினது நீயா நானா? அந்த நடைல நான் தனியா உக்காந்திருந்தேன். திருப்பி ஒரு பை வாங்கச் சொல்றியா? வண்டி வேணாம்னு நேரா சொன்னா நீ கேப்பியா? எண்ணெய் வழுக்குது, மரம் வழுக்குதுன்னு எங்கிட்ட ஒரு தடவையாவது நெசம் சொன்னியா? தினம் வந்து தோளத் தூக்கிக்கிட்டு நிக்கிற. யார ஏமாத்தறே? நான் அளக்கிறவ, எனக்குத் தெரியாதா?"

டெஸ்மண்ட் தொண்டையைப் பிடித்த ஜிப்பைக் கொஞ்சம் கீழே இழுத்தான். பிறகு, "இங்க வா" என்றான். "இதைப் பாரு."

இடது கை விரல்களைக் கிளட்ச் மேல் வைத்தான். அழுத்தினான். பிடி பாதி வரைக்கும் வந்தது. விரல்கள் வெளுத்தன, முழங்கை நடுங்கியது. அதற்குமேல் வரவில்லை. விட்டான்.

"போன வாரத்தைவிடக் கொஞ்சம் பரவால்ல. ஆனா முழுசா வரலை. சனிக்கிழமைக்குள்ள வராது. டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியணும்னு இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "சனிக்கிழமை நான் விரெமு வண்டில பின்னால உக்காந்து போறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். படகுல எடம் இருந்தா இருக்கு, போனா போவுது. அடுத்த வருசம் ஓட்டுவனோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது. ஆனா அதை இந்தக் கை சொல்லட்டும், டாக்டர் சொல்லட்டும். உன் கத்தி சொல்லக் கூடாது. ஓட்டறேனோ இல்லையோ, எனக்கு ஓட்டறவன் சட்டை வேணும்."

நோலீன் முந்திக்கொண்டு வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். கோபம் இன்னும் போகவில்லை. போகிற கோபமும் இல்லை அது.

"தோல் இல்ல" என்றாள். "ஒரு துண்டுதான் மிச்சம். முதுகுக்கு வேணா வரும். கைக்குப் பத்தாது."

"பழசுல இருந்து எடு."

"கங்காருவும் மாடும் சேராதுய்யா. ஒண்ணு கனம், ஒண்ணு லேசு. இழுத்துக்கிட்டே நிக்கும்."

"நீயும் நானும் சேரலியா? இழுத்துக்கிட்டேதானே நிக்கிறோம்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஆணியிலிருந்து பழைய ஜாக்கெட்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அதைத் தொடுவது இதுதான் முதல் தடவை. முழங்கைப் பக்கத்துத் தோலை விரலால் மடித்துப் பார்த்தாள். பழகிய தோல், வளைந்து கொடுத்தது. முழங்கைக்கு மேல் இரண்டு பட்டை எடுக்கலாம். அசிங்கமாகத்தான் இருக்கும், தெரியத்தான் தெரியும்.

"கழட்டாத. அப்படியே இரு" என்றாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற டேப்பை எடுத்தாள். "குனி. கையை நீட்டிப் புடி. ஓட்டற மாதிரி."

அவன் குனிந்தான். அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு அளந்தாள். பாக்கெட்டிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தன் கையால் நேர்த்தியாகத் தைத்த புதுத் தோலின்மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தாள். முதுகில் ஒரு கோடு. பிறகு இடது தோளுக்கு வந்தாள். பழக்க தோஷம், டேப் பட்டதும் அவன் மூச்சு நின்றது, தோள் மேலே ஏறியது.

"டெஸ்" என்றாள்.

மழை ஓய்கிற மாதிரி இல்லை. அவன் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூச்சை விட்டான். தோள் இறங்கியது, அவள் கணக்குப் போட்டு வைத்திருந்த புள்ளியையும் தாண்டி இன்னும் கீழே இறங்கி, அங்கே நின்றது.

நோலீன் அளந்துகொண்டாள்.